நாக்குல படாம ஒரு காப்பி

தண்ணி இன்னும் வாயத் தொறக்கல. சிலிண்டர் கடைசி மூச்சுல இருக்குபோல, அடுப்பு நீலத்துக்கு நடுவுல மஞ்சளா நாக்க நீட்டி நீட்டிப் பாக்குது. நாக்கு. காலையிலருந்து எதப் பாத்தாலும் அதுதான் ஞாபகம் வருது. ஏன்னா காலையில வேலைக்குக் கெளம்பும்போது, செருப்ப மாட்டிக்கிட்டே பஞ்சவர்ணம் சொன்னா, "ஏய்யா, ஞாயித்துக்கெழம நான் திருப்பூருக்குப் போறதுக்குள்ள அந்தக் காப்பிய ஒருக்காப் போட்டுக் குடு. நீயே போடணும். நாக்குல படாமப் போடணும்." அவ்வளவுதான். கொடைய விரிச்சா, மேகத்துக்குள்ள போயிட்டா. பொண்டாட்டி காப்பி கேட்டா போட்டுக் குடுக்க வேண்டியதுதான, இதுல என்ன இருக்குன்னு கேப்பீங்க. கேளுங்க. அந்தக் காப்பிங்கிறது விஸ்கி ஊத்துன காப்பி. போடப்போற ஆளு நான். நாலு வருசமா கையில கயிறு கட்டிக்கிட்டு, சரக்குக் கடை வளைவுல பஸ்ஸு திரும்பும்போது எதுத்த சன்னல் பக்கம் மூஞ்சத் திருப்பிக்கிற சின்னமாயன். அப்பேர்ப்பட்டவன அடுப்படியில விட்டு, பக்கத்துல ஒரு பாட்டிலையும் வச்சிட்டு, இவ வேலை முடிஞ்சு வந்து முன்னறைக் கட்டில்ல உக்காந்து பூண்டு உரிக்கிறா. எட்டிக்கூடப் பாக்கல. எட்டிப் பாத்தாத் தேவல. வாசல்ல நின்னு இடுப்புல கைய வச்சு மொறச்சா அதைவிடத் தேவல, முப்பது வருசமா அந்த மொறப்புல வளந்த ஒடம்பு இது. ஒண்ணுமில்ல. பூண்டுத் தோலு சத்தம் மட்டும் வருது, எலி காகிதத்தக் கடிக்கிற மாதிரி சரக் சரக்குன்னு. சத்தம் நின்னா என்னமோ கேக்குறான்னு தோணுது. சத்தம் வந்தா, கேக்காத மாதிரி நடிக்கிறான்னு தோணுது. இது பரீட்சைதான், வேற என்ன. நான் அஞ்சாப்போட நின்னவன், அந்த அஞ்சாப்புப் பரீட்சைக்கே வயித்துவலின்னு படுத்துக்கிட்டவன்.

இந்தக் காப்பி இவளுக்கு எப்பிடி வந்துச்சுன்னா, அது மாசி மாசத்துல. ஏரிக்கு மேல இருக்கிற ஒரு காட்டேஜ்ல இவ கூட்டித் தொடச்சு சமைக்கிற வேலை பாக்குறா. மெட்ராஸ்லருந்து நாலு பொம்பளைக வந்து தங்கியிருந்தாங்களாம். அதுல ஒருத்தி சாயங்காலம் அடுப்படிக்குள்ள வந்து, "அக்கா, நீங்க நகருங்க, இன்னைக்கு நான் போடுறேன்"ன்னு சொல்லி, கிளாஸ வெந்நியில சூடாக்கி, கருங்காப்பி ஊத்தி, சக்கரை போட்டு, விஸ்கி ஊத்தி, மேல பாலாடையக் கரண்டி முதுகுல வழிய விட்டாளாம். அஞ்சு கிளாஸு. அஞ்சாவது இவளுக்கு. இவ என்ன சாதாரண ஆளா, இருமலு மருந்துல சாராய வாடை வந்தாலே மூடியத் திருப்பி மூடிருவா. அன்னைக்குக் குளுரு. ஜன்னல் கண்ணாடியில தண்ணி வழியுது. அந்தப் பொம்பள நீட்டிட்டா. இவ கண்ண மூடிட்டுக் குடிச்சிட்டா. வீட்டுக்கு வந்தவ உள்ள வரல. வாசல்படியில நின்னு, கொலை பண்ணிட்டு வந்து சொல்ற மாதிரி, "நான் இன்னைக்குக் குடிச்சிட்டேன்யா"ங்கிறா. நான் ரெண்டு நாளு சிரிச்சேன். தெருவுல யாரு வந்தாலும், "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, வீட்டுக்காரிக்குத் தலைவலி, நேத்துக் கொஞ்சம் ஓவராயிருச்சு"ன்னு சொன்னேன். வெளக்கமாத்தத் தூக்குனா. அதெல்லாம் சரி. ஆனா அன்னைக்கு அவ இன்னொண்ணும் சொன்னா, அத நான் யாருகிட்டயும் சொல்லல. பாயி விரிக்கும்போது, எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு சொன்னா. "நெஞ்சுக்குள்ள யாரோ ஸ்வெட்டர் போட்டுவிட்ட மாதிரி இருந்துச்சு. நீ எதுக்குப் போனேன்னு இப்பத்தான் தெரியுது." அவ்வளவு வருசம் அடிச்சிருக்கா, அழுதிருக்கா, அரளி வெதைய அரைக்கப் போயிருக்கா, அதுல எதுலயும் எனக்கு இப்பிடித் தலை கவுந்ததில்ல. எதுக்குப் போனேன்னு தெரியுதாம். எனக்கே தெரியாது.

தண்ணி இப்ப முணுமுணுக்குது. கிளாஸுல ஊத்தி வைக்கணும், கண்ணாடி சூடாகணும், இல்லன்னா காப்பி ஆறிரும்னு அந்த மெட்ராஸ்காரி சொன்னாளாம். எங்க வீட்டுல கண்ணாடி கிளாஸு ரெண்டுதான் இருக்கு, நாங்க எவர்சில்வர் வம்சம். ஊத்துறேன். கையில ஆவி அடிக்குது, கயிறு நனையுது. கறுப்பு கலந்த செவப்புக் கயிறு. வருசம் ஒரு தடவ அம்மன் கோயில்ல பூசாரி கட்டுவாரு, ஒரு வருசத்துக்குத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணணும். ஆடிப் பதினெட்டுக்கு ஒண்ணு முடியும், அன்னைக்கே அடுத்ததக் கட்டிக்கிடணும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மணி நேரம் இருக்கே, அதுலதான் எங்காளுகளோட அறிவு வேலை செய்யும். என்கூடப் பெயிண்டு அடிக்கிற மொக்கராசு அந்த ஒரு மணி நேரத்துக்காகவே கோயிலுக்குப் போற வழியில கடை எதுன்னு விசாரிச்சு வச்சிருப்பான். பழசு அவுத்தாச்சு, புதுசு இன்னும் கட்டல, இப்ப நான் சாமிக்கு யாரோ எவனோன்னு சொல்லிட்டு ஏத்துவான். பூசாரி கட்டும்போது பூசாரிக்கே கண்ணு கட்டும், அப்பிடி வாடை. ஒரு வருசம் இன்னும் கெட்டிக்காரத்தனம், கயித்தக் கையிலருந்து உருவி ஆணியில மாட்டிட்டுக் குடிச்சான். சத்தியம் பண்ணது கயிறா நானாங்கிறான். எனக்கு நாலு வருசமும் பஞ்சவர்ணம் கூட வந்தா. பழசு அவுக்கிறதுக்கும் புதுசு கட்டுறதுக்கும் நடுவுல என் மணிக்கட்ட அவளே புடிச்சிக்கிட்டு நிப்பா, போலீஸ்காரி மாதிரி. இந்த ஆடிக்கு அவ திருப்பூருல இருப்பா. மணிக்கட்ட யாரு புடிக்கிறது. வலது கையால இடது கையப் புடிச்சிக்கிட்டு பஸ்ஸுல போகவேண்டியதுதான், கண்டக்டரு டிக்கெட்டுக்குக் கைய நீட்டுனா எந்தக் கையக் குடுக்கிறது. சிரிப்பு வருது. சிரிப்பு வந்தாப் பயம் கொஞ்சம் தள்ளி உக்காருது, ஆனா எந்திரிச்சுப் போறதில்ல.

"ஏய்யா, கொதிச்சிருச்சா?"ன்னு முன்னறையிலருந்து கொரலு. "இப்பத்தான் சமைஞ்சிருக்கு, சீரு செய்யணும்"ன்னேன். சிரிச்ச மாதிரி ஒரு மூச்சு வந்துச்சு. சிரிச்சாளா, இல்ல சளியா. பில்டர்ல டிகாசன் சொட்டிக்கிட்டு இருக்கு. தாண்டிக்குடிக் காப்பித்தூளு, அவ வேலை பாக்குற காட்டேஜ்ல குடுத்தது. சொட்டு, சொட்டு. எங்க மக நாகஜோதிக்கு இப்பிடித்தான் ஆஸ்பத்திரியில சொட்டுசொட்டா ஏறுச்சாம் போன வாரம். ஏழாம் மாசம். ரெண்டாவது புள்ள. படுத்தே இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லியாச்சு, மலை ஏறி இங்க வரவே கூடாதாம், வளைவுல குலுங்குனா என்ன வேணா ஆகுமாம். மாமியாக்காரி இல்ல, செத்துப் போச்சு. மாப்பிள்ள பனியன் கம்பெனியில காலையில போனா இருட்டுனப்பறம்தான் வருவாரு. மூத்தது நாலு வயசு, அத யாரு புடிக்கிறது. அதனால இவ போறா. மூணு மாசம். போகத்தான வேணும். போகாதன்னு சொல்றவன் மனுசனா. நான் சொல்லல. ஒரு தடவகூட சொல்லல. "நீயும் வாயேன்"னு யாரும் சொல்லலைங்கிறதையும் நான் சொல்லல. மாப்பிள்ள வீடு ஒரு ரூமு, நான் போயி கால நீட்டணும்னா ஒருத்தரு எந்திரிச்சு நிக்கணும், நியாயந்தான். அதுவும் இல்லாம மொதப் பிரசவத்துக்கு நான் பாத்துக்கிட்ட லட்சணம் இருக்கே. இங்க கொடைக்கானல்ல, பெரியாஸ்பத்திரியில. சாயங்காலம் நாலு மணி. "வெந்நி வாங்கிட்டு வாப்பா"ன்னு புள்ளையே ஃபிளாஸ்க்க எடுத்து நீட்டுச்சு, வலியோட. ஆஸ்பத்திரி வாசல்லருந்து டீக்கடைக்கு எண்ணி நாப்பது அடி. நான் மறுநாளு காலையில போயி சேந்தேன். பேத்தி பொறந்து பதிமூணு மணி நேரம் ஆயிருந்துச்சு. நாகஜோதி படுத்தபடிக்கே, "ஃபிளாஸ்க்கு எங்கப்பா?"ன்னு கேட்டுச்சு. நீ எங்கப்பா போனேன்னு கேக்கல. ஃபிளாஸ்க்கு எங்கன்னுதான் கேட்டுச்சு. அதுக்கு அடுத்த வாரம் கயிறு கட்டுனேன். எல்லாரும் கேப்பாங்க, என்ன சின்னமாயா திருந்திட்ட, சாமி கனவுல வந்துச்சான்னு. ஆமா, சிங்கம் மேல உக்காந்து வந்துச்சும்பேன்.

கிளாஸு சூடாயிருச்சு. வெந்நியக் கொட்டியாச்சு. டிகாசன முக்காவாசி ஊத்தியாச்சு. இனிமே பாட்டிலுதான். அந்த மெட்ராஸ்காரிக விட்டுட்டுப் போனது, இவ அலமாரியில சாமான் டப்பாவுக்குப் பின்னாடி துணி சுத்தி வச்சிருந்தா. இருக்குன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும். மாசியிலருந்து ஆனி வரைக்கும் நானு, இவ, பாட்டிலு, நாங்க மூணு பேரும் ஒண்ணும் தெரியாத மாதிரி ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணியிருக்கோம். பெருசா ஒண்ணும் இல்ல, அடியில ஒரு வெரக்கடை. இவ இருக்கும்போது நான் அந்தப் பக்கம் போனதில்ல. இவ இல்லாதப்ப, ரெண்டு தடவ டப்பாவ நகத்தி, துணிக்கு மேலயே தொட்டுப் பாத்துட்டு வந்திருக்கேன். தூங்குற புள்ளைக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாக்குற மாதிரி. மூடியத் திருகுறேன். டிக்குன்னு ஒரு சத்தம் வரும், புது பாட்டில்னா. இது பழசு, சத்தம் இல்ல. வாடை மட்டும் வருது. அப்பிடியே வரல, மொதல்ல மூக்குக்குப் பின்னாடி வருது, அப்பறம் காதுக்கிட்ட, அப்பறம் முட்டிக்காலு. ஒரு காலத்துல இத நான் பெயிண்டு கரைக்கிற டர்பன்டைன் டப்பாவுல ஊத்தித்தான் வேலைக்குக் கொண்டுபோவேன், மேஸ்திரிக்குத் தெரியாம. ஒரு நாளு மொக்கராசு அவசரத்துல அத எடுத்துப் பெயிண்டுல கலந்துட்டான். ஒரு மாடிப்படிக் கைப்புடி முழுக்க அடிச்சாச்சு. மூணு நாளு காயல. நாலாவது நாளு வீட்டுக்காரம்மா கைய வச்சிட்டு மோந்து பாத்துட்டு, "என்னப்பா, இது இன்னும் தெளியலையா?"ன்னாங்க. அந்த வீட்டுலதான் செவத்துக்கும் சீலிங்குக்கும் நடுவுல பார்டர் இழுக்கச் சொன்னாங்க. கை ஆடுச்சு. கோடு மேலயும் கீழயுமாப் போயி, ஆஸ்பத்திரியில நெஞ்சுக்கு வயரு மாட்டி எடுப்பாங்களே, அந்தக் காகிதம் மாதிரி வந்துச்சு. இப்ப ஆடல. இப்ப நான் நூலு புடிக்காமப் பார்டர் இழுப்பேன், சந்தேகம்னா வந்து பாருங்க. அதே கையில இப்ப மூடிய வச்சுக்கிட்டு ஊத்துறேன். நாலு மூடின்னு சொன்னா. ஒண்ணு. இதப் போயி எவனாவது மூடியில அளப்பானா, நான் அளந்ததெல்லாம் தொண்டையிலதான். ரெண்டு. மூணாவதுல வெரலு மேல வழிஞ்சிருச்சு. கட்டவெரலு. நகத்துக்கண்ணுல குளுகுளுன்னு நிக்குது. யாருமே இல்ல. பூண்டு சத்தம்கூட இல்ல. ஒரு பெயிண்டர் என்ன செய்வான், வெரலுல பட்டத லுங்கியில தொடைப்பான். தொடச்சேன். நாலாவது மூடி. இப்ப லுங்கி மணக்குது.

இங்கதான் ஒரு நெனப்பு வந்து மாட்டிக்கிச்சு, சட்டையில முள்ளு மாட்டுற மாதிரி, இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் கிழியுது. நான் இதுல ஜெயிச்சா என்ன ஆகும். இவ கெளம்பிருவா. நிம்மதியாக் கெளம்பிருவா, இனிமே இந்தாளு தனியா விட்டாலும் குடிக்காம இருப்பான்னு. நான் தோத்தா? ஒரு வாயி குடிச்சிட்டு, வாய்க்கொப்பளிக்காம, அப்பிடியே கொண்டுபோயி முன்னால நின்னா? கத்துவா. பூண்டத் தட்டோட எறிவா. ஆனா போகமாட்டா. இவன இப்பிடி விட்டுட்டு எப்பிடிப் போறதுன்னு உக்காந்துருவா, நாகஜோதிக்கு யாராவது ஆளு ஏற்பாடு பண்ணுவா, இல்ல மாப்பிள்ள லீவு போடுவாரு. அப்ப இந்த வீட்டுல சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெளக்குப் போட ஒரு ஆளு இருக்கும். மேகம் ஜன்னல் வழியா உள்ள வரும்போது, "ஏய்யா, கதவச் சாத்து"ன்னு ஒரு கொரலு இருக்கும். எனக்குக் குடிக்க ஆசையா, இவ இருக்கணும்னு ஆசையா, எது எதுக்கு வேசம் கட்டிக்கிட்டு வருதுன்னே புடிபடல. ரெண்டும் ஒரே வாடையா இருக்கு. பெத்த புள்ள படுக்கையில கெடக்கு, அவ ஆத்தாள அனுப்பாம இருக்க நான் ஒரு வாயி குடிக்கலாமான்னு கணக்குப் போடுறேன், பாருங்க என்னைய. இத வெளிய சொன்னா மொக்கராசுகூட என்கூடச் சேரமாட்டான். "என்னய்யா, சத்தத்தையே காணோம்?"ன்னா இவ. "சாமி கும்புட்டுட்டு இருக்கேன்"ன்னேன். "காப்பிக்குமா?" "கண்ணாடி கிளாஸுன்னா சும்மாவா." அவ மறுபடி பூண்ட எடுத்துட்டா.

பாலாடை. ரெண்டு நாளா பாலக் காய்ச்சிக் காய்ச்சி மேல இருக்கிறத எடுத்துக் கிண்ணத்துல சேத்து வச்சிருக்கா. அதக் கரண்டியால அடிக்கணும், ஆனா வெண்ணெயா ஆயிரக்கூடாது, வழியுற பக்குவத்துல நிறுத்தணும். இது எனக்கு வரும். செவத்துக்கு டிஸ்டம்பர் கலக்குறவனுக்குத் தெரியாத பக்குவமா. அடிச்சேன். கரண்டியத் தூக்குனா பட்டையா எறங்குது, போதும். கரண்டிய குப்புறப் புடிச்சு, காப்பிக்கு மேல ஒட்டுனாப்புல வச்சு, முதுகுல விடுறேன். மெதுவா. மொத கோட்டு மேல ரெண்டாவது கோட்டு அடிக்கிற மாதிரி, கீழ இருக்கிறது கலங்கக்கூடாது, மேல இருக்கிறது தூங்குற மாதிரி படுக்கணும். படுத்துச்சு. ஒரு நிமிசம் வெள்ளையா, அழகா, ஏரி மேல பனி படுத்த மாதிரி படுத்துச்சு. அப்பறம் நடுவுல ஒரு ஓட்டை விழுந்துச்சு. அது வழியா எறங்க ஆரம்பிச்சது பாருங்க, யாரோ கீழருந்து காலப் புடிச்சு இழுக்குற மாதிரி, எல்லாம் போச்சு. மொத்தமும் கலங்கி, மழைக்காலத்துல ஓடைத் தண்ணி மாதிரி ஒரு நெறம். நான் கரண்டியப் பாக்குறேன், பாலாடையப் பாக்குறேன், அடுப்பப் பாக்குறேன். அடுப்பு என்ன செய்யும். அப்பறந்தான் ஒறைச்சுச்சு. சக்கரை. "சக்கரைதான்க்கா அதத் தாங்கிப் புடிக்கும், ரெண்டு கரண்டி போட்டாத்தான் மேல நிக்கும்"ன்னு அந்த மெட்ராஸ்காரி சொன்னத இவ என்கிட்ட சொல்லியிருக்கா. நான் போடல. மறந்து விடல, கை தானா தாண்டிப் போயிருச்சு. ஆறு வருசமா இவளுக்கு சுகர், நாலு வருசமா சாயங்காலக் காப்பி நாந்தான் போடுறேன், இவ கிளாஸுக்கு சக்கரை டப்பாவத் தொறந்து பழக்கமே இல்லாத கை. விஸ்கி ஊத்துறதுக்கு யோசிச்ச அளவுக்கு சக்கரைக்கு யோசிக்கல. சுகர்காரியோட புருசன் போட்ட காப்பி முங்காம என்ன செய்யும்.

ஆக, இன்னொரு தடவ போடணும். பாட்டில்ல நாலு மூடிக்கு இருக்கும், சரியா இருக்கும். அதுல பிரச்சன இல்ல. பிரச்சன இந்த மொதக் கிளாஸு. பாழாப்போன கிளாஸு. இத என்ன பண்றது. இது யாரு கணக்குலயும் இல்ல. இவளுக்கு ஒரு கிளாஸு போகப்போகுது, பாட்டிலு காலி, எல்லாம் நேரு. இது ஒண்ணு நடுவுல, பழசு அவுத்து புதுசு கட்டாத அந்த ஒரு மணி நேரம் மாதிரி, யாருக்கும் சொந்தமில்லாம நிக்குது. சூடா இருக்கு. கிளாஸச் சுத்திக் கைய வச்சேன், குளுருக்குத்தான். ஜன்னலுக்கு வெளிய ஒண்ணுமே தெரியல, எதுத்த வீட்டு வெளக்கு மட்டும் மஞ்சளா மெதக்குது. ஆவி மூஞ்சில படுது. காப்பி வாடையும் அந்த வாடையும் ஒண்ணாச் சேந்து வருது, பழைய சிநேகிதன் புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்து நிக்கிறான், என்னைய ஞாபகம் இருக்கா மாயாங்கிறான். இல்லாம என்ன. நெஞ்சுக்குள்ள யாரோ ஸ்வெட்டர் போட்டுவிட்ட மாதிரின்னாளே. எனக்கு யாரும் அப்பிடி அழகாச் சொல்லித் தரல, எனக்குக் குளுருச்சு, நான் போனேன், அவ்வளவுதான். இப்பவும் குளுருது. மூணு மாசமும் குளுரும். கிளாஸ எவ்வளவு ஒசரம் தூக்குனேன்னு கேக்காதீங்க. நெஞ்சுக்கு மேல, மோவாய்க்குக் கீழ. அங்க நின்னுக்கிட்டு ஒரு தமாசு யோசிச்சுப் பாத்தேன், எப்பவும் அப்பிடித்தான் தப்பிப்பேன், எவ்வளவு பெரிய கண்டத்துலயும் எனக்கு ஒரு தமாசு வரும். வரல. வாயி வெறுமனே தொறந்திருக்கு. தொறந்த வாயி எதுக்குன்னு அதுக்கே தெரியல. அப்ப வயித்துல புள்ளையோட கட்டில்ல படுத்து, விட்டத்தப் பாத்துக்கிட்டு, அம்மா வருமா வராதான்னு கெடக்குற ஒருத்திதான் கண்ணு முன்னால வந்தா. அவ என்னையப் பாக்கல. விட்டத்தத்தான் பாத்தா. தொட்டியில கவுத்தேன். ஒரே கவுப்பு. கொழாயத் தொறந்துவிட்டேன். சூட்டுல வாடை குபீர்னு எந்திரிச்சு அடுப்படி பூரா நின்னுச்சு, நான் மூச்ச அடக்கிக்கிட்டு எண்ணுனேன், இருபத்தி ரெண்டு வரைக்கும். "என்னத்தக் கொட்டுற?"ன்னா இவ. "சக்கரை போடல. முங்கிருச்சு." "எனக்கு சுகர்னு போடலையா?" "ஆமா." "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது, போடு." நம்புனாளான்னு யோசிக்கல. யோசிக்கத் தெம்பு இல்ல.

ரெண்டாவது தடவ எல்லாம் சுருக்கா முடிஞ்சிருச்சு. ரெண்டு கரண்டி சக்கரை, கலக்கிக் கரைச்சு, நாலு மூடி, பாலாடை. நின்னுச்சு. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல நான் நூலு புடிச்சு இழுத்த மாதிரி ஒரு கோடு. வெளிய கொண்டுபோயி நீட்டுனேன். பஞ்சவர்ணம் பூண்டுத் தட்ட நகத்தி வச்சிட்டு, முந்தானையில கையத் தொடச்சிட்டு, ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டா. என் மூஞ்சியப் பாக்கல, கிளாஸத்தான் பாத்தா. "அழகா இருக்குய்யா"ன்னா. குடிச்சா. மேலுதட்டுல வெள்ளையா மீசை. நான் நின்னுக்கிட்டே இருந்தேன். பாதி குடிச்சப்பறம், "அந்தப் பொம்பள போட்டதவிட நல்லா இருக்கு"ன்னா. அப்பறம் ரொம்ப சாதாரணமா, பால் பாக்கெட்டு வாங்கணும்னு சொல்ற மாதிரி, "ஞாயித்துக்கெழம ஏழு மணி பஸ்ஸு. டிக்கெட்டு முந்தாநாளே போட்டாச்சு, காட்டேஜ் மேனேஜரு செல்லுல போட்டுக் குடுத்தாரு"ன்னா. முந்தாநாளு. இன்னைக்கு வெள்ளிக்கெழம. நான் வெரலு விட்டு எண்ணிப் பாத்தேன். "அப்ப இன்னைக்கு எதுக்கு இந்தப் பரீட்சை?" "என்ன பரீட்சை?" "நாக்குல படாமப் போடுன்னியே." "ஆமா, நீ கயிறு கட்டியிருக்க, பட்டா ஒனக்குத்தான கெடுதல். எனக்குக் குடிக்கணும்போல இருந்துச்சு. எனக்குக் கை நடுங்கும், ஒனக்குத்தான் ஊத்திப் பழக்கம்." சொல்லிட்டு இன்னொரு வாயி குடிச்சா. எனக்கு ஒக்காரணும்போல இருந்துச்சு, கட்டில் ஓரத்துல ஒக்காந்தேன். சொல்ல வேணாம்னுதான் நெனச்சேன், வாயி கேக்கல. "அந்த மொதக் கிளாஸ நான் குடிச்சிருந்தா நீ போயிருக்க மாட்டல்ல"ன்னேன். அவ கிளாஸ எறக்குனா. இப்பத்தான் என் மூஞ்சியப் பாத்தா. என்னென்னமோ வரும்னு பாத்தேன், பூண்டுத் தட்ட ஒரு கண்ணால பாத்துக்கிட்டேன். "போயிருப்பேன்"ன்னா. "நீ குடிச்சாலும் போயிருப்பேன், விழுந்து கெடந்தாலும் போயிருப்பேன். அங்க புள்ள படுத்துக் கெடக்கா." கோவமே இல்ல அந்தக் கொரல்ல. கன்னத்துல அறைஞ்ச மாதிரியும் இருந்துச்சு, யாரோ தலையிலருந்து சுமைய எறக்கி வச்ச மாதிரியும் இருந்துச்சு. நான் கையில வச்சிருந்தது இவள இழுத்துப் புடிக்கிற கயிறுன்னு நெனச்சேன், அந்த முனையில இவளக் கட்டி வைக்கவே இல்ல. குடிச்சு இவள நிறுத்த முடியாது. குடிக்காமயும் நிறுத்த முடியாது. ஆக, குடிக்கிறதும் குடிக்காததும் எனக்கும் அந்த மூணு மாசத்துக்கும் நடுவுல மட்டுந்தான்.

"மூணு மாசம் என்னய்யா செய்வ?"ன்னு கேட்டா. கேலி இல்ல, தெரிஞ்சுக்கக் கேட்டா. எத்தன பதிலு வச்சிருந்தேன் தெரியுமா இதுக்கு, ஒரு வாரமா யோசிச்சு வச்சிருந்தேன், எல்லாத்துக்கும் அவ வயிறு வலிக்கச் சிரிப்பா. "தெரியல பஞ்சு"ன்னேன். அவ மிச்சத்தக் குடிச்சு முடிச்சு கிளாஸத் தரையில வச்சா, கால மடக்கி, என் பக்கமா நகந்து, தோள்ல சாஞ்சுக்கிட்டா. ஒடம்பு சூடா இருந்துச்சு. பெருமூச்சு விட்டா, அது நேரா என் மூக்குல வந்துச்சு, காப்பியும் சக்கரையும் அதுவும். நான் கண்ண மூடிட்டேன். மூடுனா இன்னும் நல்லாத் தெரியுது. "இந்தா புள்ள"ன்னேன், "கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பி மூச்சு விடு."

திரும்பிக்கிட்டா. தள்ளி ஒக்காரல.